வெட்ஜ்வூட் மட்பாண்டங்களும் வர்க்க உறவுகளும்: எற்றூரியாத் தொழிற்சாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1863ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அந்நாளில் பிரித்தானிய நிதியமைச்சராயிருந்த வில்லியம் கிளாட்ஸ்ரன், ஸ்ரபோட்ஷயர் மாவட்டத்திலுள்ள பேர்ஸ்லம் நகருக்கு வந்தார். ஜோசையா வெட்ஜ்வூட்டின் நினைவாக அங்கு எழவிருந்த கல்விக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டி, கலையையும் கைத்தொழிலையும் ஒன்றிணைத்த பெருமகன் என அவரைப் போற்றி நீண்டதோர் உரை நிகழ்த்தினார். அவ்வாண்டின் தொடக்கத்திலே வேறொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. அம்மாவட்டத்தின் பெரிய மட்பாண்ட நிறுவனங்கள் 26 ஒன்றுகூடி அரசாங்கத்துக்கு விண்ணப்பமொன்றை அனுப்பியிருந்தன. சிறுவர்களின் வேலை நேரத்தைத் தாமாக மட்டுப்படுத்துதற்குப் பிற முதலாளிகளின் போட்டி இடந்தராது என்றும், ஆகவே சட்டமொன்று அவசியம் என்றும் அவ்விண்ணப்பம் கூறியது. அதிற் கையொப்பமிட்ட நிறுவனங்களுள் ஒன்று 'ஜோசையா வெட்ஜ்வூட் அன் சன்ஸ்'. கிளாட்ஸ்ரனின் உரை அச்சேறிப் பரவியது. விண்ணப்பமோ மார்க்ஸ் எழுதிய 'மூலதனம்' நூலின் முதலாந் தொகுதியில் ஓர் அடிக்குறிப்பாக நிலைபெற்றது.

வெட்ஜ்வூட்டின் வரலாற்றை எழுதியோருட் பெரும்பாலோர் கிளாட்ஸ்ரனின் பக்கம் நின்றே எழுதினர். 1865-66இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த எலைசா மெற்றெயாட்டின் வரலாறு முதல், தொழிற்சாலை ஒழுங்குபற்றி நீல் மக்கென்றிக் 1961இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுவரை, 'மேதை' என்னும் கருத்து ஏதோவொரு வடிவில் தொடர்ந்து வந்துள்ளது. மக்கென்றிக் தரும் தரவுகள் பெறுமதி வாய்ந்தவை. நாமும் அவற்றை நாடவேண்டியுள்ளது. ஆயின் அத்தரவுகளை முதலாளியின் கண்கொண்டே அவர் நோக்குகின்றார் என்பதை இங்குச் சுட்டுதல் வேண்டும். நல்லெண்ணங் கொண்ட, அறிவொளிக்கால இலட்சியங்களிற் பற்றுள்ள ஒரு முதலாளியின் தொழிற்சாலை, அவ்விலட்சியங்களை உழைப்பாளர் விடயத்தில் எவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டது என்பதே நமது வினா.

வெட்ஜ்வூட்டை வறுமையிலிருந்து தன்முயற்சியால் உயர்ந்தவராகச் சித்திரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரபு. உண்மையில் அக்குடும்பம் பல தலைமுறைகளாகப் பேர்ஸ்லத்திற் சூளையும் நிலமும் உடையதாயிருந்த தொழிலுடைமைக் குடும்பம். 1730இற் பிறந்த ஜோசையா அக்குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. 1739இல் தந்தை இறந்தார். 1744இல் மூத்த தமையனிடமே தொழில் பயிலச் சேர்ந்தார். சிறு வயதிற் கண்ட அம்மை நோய் அவருடைய வலது முழங்காலைப் பலவீனப்படுத்தியது. குயவன் சக்கரத்தைக் காலால் மிதித்து வனைய இயலாமற்போன நிலையில், களிமண்ணையும் மேற்பூச்சையும் ஆராய்வதில் அவர் மனம் சென்றதெனக் கூறுவர். (அக்கால் 1768இல் அறுத்து நீக்கப்பட்டது.) 1754 முதல் தோமஸ் உவீல்டன் என்னும் தேர்ந்த மட்பாண்டத் தொழிலதிபருடன் பங்காளியாயிருந்து, 1759இல் உறவினரிடம் வாடகைக்குப் பெற்ற இடத்திலே தனித் தொழில் தொடங்கினார். 1764இல் அவர் மணந்த சாரா, செல்வந்தரான ஒரு பாற்கட்டி வணிகரின் மகள், தூரத்து உறவினள், பெருஞ் சீதனத்துடன் வந்தவள். மூலதனத்தின் ஆரம்பத் திரட்சியைப் பற்றிப் பேசுவோர் இச் சீதனத்தை மறந்துவிடலாகாது.

அக்காலப் பேர்ஸ்லத்தில் மட்பாண்டத் தொழில் குடும்பத் தொழிலாகவே நடைபெற்றது. நிலத்தின் மேற்பரப்புக்கு அண்மையிலேயே நிலக்கரியும் களிமண்ணும் கிடைத்தன. ஒரு சூளை, ஒருசில உதவியாளர், அருகிற் சிறு விவசாயம் என்பதே வழக்கம். மண் பிசைபவன் வனைவான். வனைபவன் சூளையிலும் நிற்பான். திங்கட்கிழமைகளில் வேலைக்கு வராமையும், ஊர்த் திருவிழா வந்தாற் பல நாட்கள் சூளை குளிர்ந்து கிடப்பதும் சாதாரணம். வேலையின் கால அளவை வேலை செய்பவனே வகுத்துக்கொண்ட உலகம் அது. அவ்வுலகை நாம் பொற்காலமாகக் கொள்ளவில்லை. வறுமையும் குடியும் அங்கு மிகுந்திருந்தன. மண்ணோடு அரைத்துக் கலக்கும் தீக்கல்லின் தூசு அப்போதே நுரையீரலை அரித்தது. ஆனால் நேரம் தொழிலாளனுக்குரியதாயிருந்தது.

வெட்ஜ்வூட்டின் முதற்பெரும் வெற்றி பாலேட்டு நிறமுடைய ஒருவகை மட்பாண்டமாகும். வெண்களியும் தீக்கற்றூளும் சேர்த்துச் சுட்டு, ஈயங் கலந்த கண்ணாடி போன்ற பூச்சிடப்பட்ட இது, சீனப் பீங்கானின் தோற்றத்தை ஓரளவு தந்தது. விலையோ அதனிற் குறைவு. 1765இல் சார்லற் அரசி தேநீர்ப் பாத்திரத் தொகுதியொன்றுக்குக் கட்டளை கொடுத்தபின், அவர் இதற்கு 'இராணிப் பாண்டம்' எனப் பெயரிட்டார். இப்பெயர் மாற்றம் சாதாரணமானதன்று. அரண்மனை பயன்படுத்தும் பொருளை வழக்கறிஞரும் வணிகரும் வாங்குவர், அவர்களைப் பார்த்துச் சிறுகடைக்காரரும் வாங்குவர் என்ற கணக்கு அதிலுண்டு. நிலப்பிரபுத்துவத்தின் மதிப்பை முதலாளித்துவம் விளம்பரமாக மாற்றிய ஆரம்ப உதாரணங்களுள் இது ஒன்றெனலாம். இரசிய அரசி இரண்டாம் கதரினுக்காக 1773-74இற் செய்யப்பட்ட 952 உருப்படிகள் கொண்ட விருந்துப் பாத்திரத் தொகுதியும் இவ்வகையினதே. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலேய நிலக்காட்சிகள் அதில் தீட்டப்பட்டிருந்தன. இரசியாவுக்கு அனுப்புமுன் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதிற் சித்திரிக்கப்பட்ட மாளிகைகளின் சொந்தக்காரரே பார்வையாளராக வந்தனர்.

சந்தை விரிவதற்குப் பாதை வேண்டும். உடையும் பொருளைப் பொதிக்குதிரைகளில் மேடுபள்ளங்களிற் கொண்டுசெல்லுதல் பெருநட்டம். ஆகவே திரென்ற், மேர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்காக வெட்ஜ்வூட் முன்னின்று உழைத்தார். 1766இற் பாராளுமன்றம் சட்டமியற்றியது. யேம்ஸ் பிறின்ட்லி பொறியியலாளராயிருந்தார். 1777இல் வேலை நிறைவேறியது. கால்வாயின் கரையிலேயே அவர் தமது புதிய தொழிற்சாலையை நிறுவிக்கொண்டார். கோண்வோலின் வெண்களி கடல்வழியாகவும் கால்வாய்வழியாகவும் உள்ளே வந்தது; பாண்டம் லிவர்பூலுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வெளியே சென்றது.

இப்புதிய தொழிற்சாலையே எற்றூரியா. இத்தாலியிற் புதைகுழிகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட கிரேக்கச் சாடிகளை எற்றஸ்கருடையவையெனத் தவறாகக் கருதிய காலம் அது. பெயர் அத்தவறிலிருந்து பிறந்தது. 1769 யூன் 13ஆந் திகதி தொழிற்சாலை திறக்கப்பட்டபோது நடந்த சடங்கு சிந்தனைக்குரியது. வெட்ஜ்வூட்டின் பங்காளியும் லிவர்பூல் வணிகருமான தோமஸ் பென்ற்லி சக்கரத்தைச் சுழற்ற, வெட்ஜ்வூட் தம் கையால் ஆறு சாடிகளை வனைந்தார். எற்றூரியக் கலைகள் மறுபிறப்பு எய்துகின்றன என்னும் இலத்தீன் வாசகம் பின்னர் அவற்றில் எழுதப்பட்டது. இரு முதலாளிகள் ஒரு நாள் மட்டும் தொழிலாளராக வேடம் புனைந்தனர். சாடியை முழுமையாக ஒருவர் வனையும் முறை எந்தத் தொழிற்சாலையில் ஒழியவிருந்ததோ, அந்தத் தொழிற்சாலையின் திறப்பு விழாவில் அம்முறையே கொண்டாடப்பட்டது.

அதே ஆண்டில் வெட்ஜ்வூட் பென்ற்லிக்கு எழுதிய கடிதமொன்றில், தவறிழைக்க இயலாத இயந்திரங்களாக மனிதரை ஆக்கவேண்டும் எனும் பொருள்படக் கூறுகின்றார். இக்கூற்று ஒரு வெறும் உவமையன்று. அடம் சிமித் குண்டூசித் தொழிலைக் காட்டி வேலைப்பிரிவினையை விளக்கிய நூல் 1776இலேயே வெளிவந்தது; எற்றூரியாவில் அஃது ஏலவே நடைமுறையாயிருந்தது. பாவனைப் பாண்டங்களுக்கும் அலங்காரப் பாண்டங்களுக்கும் வெவ்வேறு பகுதிகள். மண் கலக்குமிடத்திலிருந்து களஞ்சியம்வரை வேலையின் வரிசைக்கேற்ப அமைந்த அறைகள். 1790இல் அங்கு வேலைசெய்த ஆண், பெண், சிறுவர் 278 பேருள், குறித்த வேலையில்லாத பொதுவேலையாளர் ஐவர் மட்டுமே. ஏனையோர் யாவரும் ஒருவர் ஒரு வேலைக்கென ஒதுக்கப்பட்டவர். தட்டு வனைபவன் தட்டே வனைந்தான். கைபிடி ஒட்டுபவன் கைபிடியே ஒட்டினான்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். எற்றூரியாவின் ஆரம்பகாலத்தில் இயந்திரம் சிறுபங்கே வகித்தது. 1763 முதல் பயன்பட்ட கடைசல் இயந்திரமும், 1780களில் வந்த நீராவி எந்திரமும் துணைக்கருவிகளே. பாண்டத்தை உருவாக்கியது கைதான். மார்க்ஸ் பட்டறைத்தொழிலென வேறுபடுத்திக் காட்டும் நிலை இதுவே. அந்நிலையில் உற்பத்தித்திறன் பெருகுவது இயந்திரத்தாலன்றி மனிதரை ஒழுங்குபடுத்தும் முறையாலாகும். எனவேதான் மணி அங்கு முதன்மை பெற்றது. காலை ஆறு மணிக்குக் கால்மணி நேரம் முன்னதாகவோ, வேலை செய்யப் போதிய வெளிச்சம் வருமுன் கால்மணி நேரத்திலோ அது அடிக்கும். எட்டரைக்குக் காலையுணவுக்காகவும், ஒன்பதுக்கு மீண்டும் வேலைக்காகவும், இறுதியாகக் கண் தெரியாத இருட்டு வந்ததும் அடிக்கும். வாயிலில் வருகையைப் பதிவு செய்யும் முறை இருந்தது. வேலை நேரத்தில் மது கொண்டுவந்தால் தண்டம். சாளரமுள்ள சுவரிற் பந்தடித்தால் தண்டம். மேற்பார்வையாளரை அடித்தால் வேலை நீக்கம். இத்தனை விதிகளைப் படிக்கும்போது நமக்கு ஒன்று புலனாகும். பந்தடித்தும் குடித்தும் திருவிழாவுக்குச் சென்றும் மேற்பார்வையாளரை அடித்தும் அம்மக்கள் எதிர்த்திராவிடின் இவ்விதிகள் எழுதப்பட்டிரா. திருவிழா நாட்களில் வேலைக்கு வராமையை வெட்ஜ்வூட்டால் முற்றாக ஒழிக்க இயலவில்லை என்பதை மக்கென்றிக்கும் ஏற்றுக்கொள்கின்றார்.

1772இல் ஐரோப்பாவெங்கும் கடன் நெருக்கடி ஏற்பட்டு விற்பனை தேங்கியவேளை, வெட்ஜ்வூட் தம் செலவுகளை நுணுகி ஆராய்ந்தார். வாடகை, மேற்பார்வை, அச்சுக்கள் ஆகியவற்றின் செலவு உற்பத்தி குறைந்தாலும் கூடினாலும் ஏறக்குறைய ஒரேயளவாக இருப்பதை அவர் கண்டார். ஒரேவகைப் பொருளைப் பெருந்தொகையாகச் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் குறையும் என்னும் முடிவுக்கு வந்தார். கணக்கியல் வரலாற்றாசிரியர் இதனைப் பாராட்டுவர். வனைபவனுக்கோ இதன் பொருள், ஒரே உருவை இடையறாது திரும்பத் திரும்பச் செய்தல் என்பதாகும்.

வெட்ஜ்வூட் தமது பாண்டங்களிலே தம் பெயரைப் பொறித்தார். ஈரக்களியில் அழுத்தப்பட்ட அப்பெயர் தரத்துக்குச் சான்றாகவும், போலிகளுக்கு எதிரான காப்பாகவும் அமைந்தது. ஆனால் உருவமைத்த கலைஞரின் பெயர்? 1769 முதல் எற்றூரியாவிற் பணியாற்றிய வில்லியம் ஹக்வூட் மிகத் தேர்ந்த உருவமைப்பாளர். தாம் செய்த உருவச்சிலைப் பதக்கங்களின் தோள் விளிம்பிலே தமது பெயரைக் காட்டும் எழுத்துக்களை அவர் பொறித்தமையை வெட்ஜ்வூட் கண்டார். அதனை இனித் தடுக்கப்போவதாகப் பென்ற்லிக்கு எழுதினார். ஒரு கலைஞனின் முதலெழுத்து, நிறுவனத்தின் பெயருக்குப் போட்டியாகிவிடக் கூடாதல்லவா?

1787இல் அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்கான சங்கம் இலண்டனில் தோன்றியது. வெட்ஜ்வூட் அதன் குழுவிற் சேர்ந்தார். விலங்கிடப்பட்ட ஓர் ஆபிரிக்கர் முழந்தாளிட்டுக் கைகூப்பி, தான் மனிதனும் சகோதரனும் அல்லவோ என வினவும் உருவத்தை ஜாஸ்பர் எனும் உயர்தர மட்பொருளிற் பதக்கமாகச் செய்து, சங்கத்துக்குப் பணமேதும் பெறாமல் வழங்கினார். 1788இல் பென்சில்வேனியாவிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் ஒரு தொகுதி அனுப்பப்பட்டது. பெண்கள் அதனைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தனர். அரசியற் கருத்தொன்று அணிகலனாகப் பரவிய முதல் உதாரணங்களுள் இது ஒன்று. அப்பதக்கத்தை உருவமைத்தவர் ஹக்வூட் என்பதே பெரும்பாலோர் கருத்து. மனிதனல்லனோ என்று கேட்கும் உருவத்தைச் செய்தவருக்குத் தம் பெயரைப் பொறிக்கும் உரிமை இல்லை.

வெட்ஜ்வூட் பாசாங்கு செய்தார் என்று நாம் கூறவில்லை. அடிமை முறையை அவர் மனப்பூர்வமாக வெறுத்தார். அதற்காகச் செலவும் செய்தார். ஆயினும் லிவர்பூலின் வளத்திற் பெரும்பகுதி அடிமைக் கப்பல்களிலிருந்து வந்தது. அவரது தேநீர்ப் பாத்திரத் தொகுதியில் இன்றியமையாத சீனிக்கிண்ணம் அடிமைகள் விளைத்த சீனிக்கென்றே செய்யப்பட்டது. கூலியுழைப்பின் அடிப்படையில் நின்ற ஒரு வர்க்கத்துக்கு அடிமையுழைப்பின் கொடுமை தெளிவாகத் தெரிந்தது. தன் காலடியில் நிகழ்ந்தது அத்துணைத் தெளிவாகத் தெரியவில்லை.

1783ஆம் ஆண்டு இதற்குச் சான்று. உணவு விலை ஏறியிருந்த அவ்வேளையில், மாவேற்றிய படகொன்று எற்றூரியாவின் கால்வாய்க்கரைக்கு வந்தது. மக்கள் அதனைக் கைப்பற்றி, நியாயமெனத் தாம் கருதிய விலைக்கு விற்றனர். படையினர் அழைக்கப்பட்டனர், பிடிபட்டோருள் ஸ்ரீபன் பார்லோ என்பவர் தூக்கிலிடப்பட்டார். வெட்ஜ்வூட் இதனையடுத்து மட்பாண்டப் பிரதேச இளைஞருக்கு முகவுரையாக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். முன்னர் இப்பிரதேசம் எவ்வாறிருந்ததெனப் பெற்றோரைக் கேட்டறியுங்கள், இன்று வந்துள்ள வளத்தோடு ஒப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். வளர்ச்சி என்னும் கருத்து, பசிக்கு விடையாக முன்வைக்கப்பட்டதை இங்குக் காண்கின்றோம். அதே ஆண்டில் அவர் எழுதிய மற்றொரு பிரசுரம், அந்நியநாட்டுத் தொழிலதிபரிடம் வேலைக்குச் செல்லாதீர் எனத் தொழிலாளரை எச்சரித்தது. தேர்ந்த தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேறுவதை அன்றைய சட்டமும் தடுத்தது. இதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன், வட அமெரிக்கச் செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து வெண்களி கொண்டுவர அவர் ஆளனுப்பி ஏறக்குறைய ஐந்து தொன் பெற்றிருந்தார். களிமண் கடல் கடக்கலாம். அதனை வனைபவன் கடக்கலாகாது.

இலக்கிய மாணவராகிய நமக்கு ஆர்வமூட்டும் ஒரு கிளைச் செய்தியையும் இங்குக் குறிப்பிடலாம். வெட்ஜ்வூட் 1795இல் இறந்தபின், அவருடைய புதல்வர் இருவர் 1798இற் கவிஞர் கோல்றிட்ஜுக்கு ஆண்டுதோறும் 150 பவுண் வழங்க முன்வந்தனர். பிழைப்புக்காக மதபோதகராக ஆகவிருந்த கவிஞர் அத்தொழிலை ஏற்காமலே எழுத இயன்றது. ஜேர்மனி சென்று அங்குள்ள மெய்யியலைக் கற்கவும் இயன்றது. ஆங்கில மனோரதிய இயக்கத்தின் கோட்பாட்டு நூல்களிலே எற்றூரியாவின் உபரி உழைப்புக்கும் ஒரு பங்குண்டு. பேரன் சார்ள்ஸ் டார்வின் ஊதியத்துக்கு உழைக்காமல் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தமைக்கும் இதே செல்வம் ஒருபகுதி காரணம். மறுபுறத்தில், 1842 ஓகஸ்டில் ஹான்லி நகரிற் சாட்டிஸ இயக்கத்தவரான தோமஸ் கூப்பர் வேலைநிறுத்தத் தொழிலாளர் முன் பேசினார், கலகம் மூண்டது, அவர் ஸ்ரபோர்ட் சிறையிலடைக்கப்பட்டு, அங்கு ஒரு நெடுங்காவியம் எழுதினார். கோல்றிட்ஜைப் பாடநூலில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் கூப்பரை மறந்தன. இம்மறதியும் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்பாண்டப் பிரதேசத்தின் நிலைமை கடுமையாயிற்று. நவம்பரில் ஓராண்டுக்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட தொழிலாளன் இடையில் விலக இயலாது. சூளையிலிருந்து நல்ல நிலையில் வெளிவந்த பாண்டத்துக்கு மட்டுமே கூலி என்பது வழக்கம். சுடுபவனின் பிழையால் உடைந்தாலும் வனைந்தவனுக்குக் கூலியில்லை. மேற்பூச்சிற் கைதோய்த்தோரை ஈயநஞ்சு முடமாக்கியது. எல்லாரினும் கீழ்நிலையில் இருந்தோர், அச்சிற் படிந்த ஈரத்தட்டைச் சுமந்துகொண்டு வெப்ப அறைக்கும் வனைபவனுக்கும் இடையே நாள் முழுதும் ஓடிய சிறுவர். ஏழு வயதிற் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை அவ்வாறு ஓடிய ஒரு சிறுவனின் வாக்குமூலத்தை மார்க்ஸ் எடுத்தாள்கின்றார். தண்ஸ்ரல் நகரிற் பிறந்து அவ்வாறே ஓடிய சார்ள்ஸ் ஷோவின் நினைவுக் குறிப்புகள் 1903இல் நூலாயின. ஆர்னல்ட் பெனற் தமது 'கிளேஹாங்கர்' நாவலில் (1910) தந்தைப் பாத்திரத்தின் பிள்ளைப்பருவத்தைச் சித்திரிக்கும் பகுதிக்கு அந்நூலையே ஆதாரமாகக் கொண்டார்.

1816இல் பாராளுமன்றக் குழு முன் சாட்சியமளித்தவர் இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வூட். தம்மிடம் 387 பேர் வேலை செய்வதாகவும், அவருள் பத்து வயதுக்குட்பட்டோர் 13 பேர், பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டோர் 103 பேர் எனவும் அவர் கூறினார். சட்டம் தலையிடவேண்டுமோ என்ற வினாவுக்கு, எம்மை எம்பாட்டில் விட்டுவிடுவதே நன்று என்பது அவருடைய விடை. அவரும் கெட்டவரல்லர். அடிமை ஒழிப்பை ஆதரித்தவர். 1832இல் ஸ்ரோக் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். 1841இல் அரச ஆணையாளர் ஸ்கிறிவன் மட்பாண்டப் பிரதேசச் சிறுவரின் நிலையை நேரிற் கண்டு அறிக்கையிட்டார். ஆயினும் சட்டம் வரவில்லை. இந்நிலையில் 1863இல் அதே குடும்பத்தின் நிறுவனம், எம்மைச் சட்டத்தால் தடுத்துவையுங்கள், நாமாக நிற்க இயலவில்லை என விண்ணப்பிக்கின்றது. 1816க்கும் 1863க்கும் இடையில் அக்குடும்பத்தினரின் இரக்கம் கூடியது என்பதற்குச் சான்றில்லை. போட்டி கூடியது என்பதற்கு அவர்களின் கையொப்பமே சான்று. முதலாளியின் நன்மை தீமை தனிமனித விருப்பத்தைப் பொறுத்ததன்று, போட்டி அவன்மீது புறச்சட்டமாகச் செயற்படுகின்றது என்னும் தமது கூற்றுக்கு மார்க்ஸ் இவ்விண்ணப்பத்தைக் காட்டியமை பொருத்தமானதே. 1864இல் தொழிற்சாலைச் சட்டம் மட்பாண்டத் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது.

பின்னைய வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். நிறுவனம் 1940இற் பார்லஸ்ரன் கிராமத்திற் புதிய தொழிற்சாலையில் உற்பத்தியைத் தொடங்கியது. எற்றூரியா 1950இல் மூடப்பட்டது. 1986இல் அயர்லாந்தின் வாற்றர்போர்ட் கண்ணாடி நிறுவனம் வெட்ஜ்வூட்டை வாங்கியது. அக்கூட்டு நிறுவனம் 2009 சனவரியில் வீழ்ந்தது. 2015இற் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் நிறுவனத்திடம் அப்பெயர் சென்றது. வீழ்ச்சியின்போது தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் 134 மில்லியன் பவுண் குறை தோன்றியது. நிறுவனத்தின் அரும்பொருட்காட்சியகம் தனி நம்பிக்கைப் பொறுப்பாயிருந்தபோதிலும், அதன் ஊழியர் ஐவர் அதே ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராயிருந்தமையால் முழுக்கடனும் காட்சியகத்தின் தலையில் விழுந்தது. சாடிகளையும் பதக்கங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் விற்றுக் கடனடைக்கலாமென நீதிமன்றம் 2011இற் தீர்த்தது. 2014இல் 15.75 மில்லியன் பவுண் திரட்டப்பட்டு அத்தொகுதி மீட்கப்பட்டது. அதன் உரிமை இலண்டன் விக்ரோரியா அல்பேட் காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. பொருட்கள் பார்லஸ்ரனிலேயே உள்ளன. எற்றூரியாவின் திறப்புவிழாச் சாடியும், அடிமை ஒழிப்புப் பதக்கமும், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளும் அத்தொகுதியிற் சேர்ந்தவையே.